திருத்தந்தை விதியை மீறலாமா?

வணக்கம் நேயர்களே.

2013 மார்ச் 28, பெரிய வியாழன். இயேசு தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைவுகூரும் நாள். திருத்தந்தை பிரான்சிஸ், அதாவது கத்தோலிக்கத் திருச்சபையின் தலைவரான போப், தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. உரோமையில் காசால் டெல் மார்மோ என்ற இளம் குற்றவாளிகள் இல்லத்துக்குப் போய்த் திருப்பலி நிறைவேற்றினார். பன்னிரண்டு பேர் முன் முழங்காலிட்டு, பாதங்களைக் கழுவித் துடைத்து முத்தமிட்டார். அவர்களில் இருவர் பெண்கள். முஸ்லிம்களும் இருந்தார்கள்.

திருப்பலியை எப்படி நடத்துவது என்று சொல்லும் திருப்பலிப் புத்தகத்திலோ, தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்களின் பாதங்களைக் கழுவ வேண்டும் என்றுதான் அன்றைக்கு இருந்தது. அப்படியானால் திருத்தந்தையே விதியை மீறிவிட்டாரா?

சட்டப்படி பார்த்தால், திருவழிபாட்டை ஒழுங்குபடுத்தும் உச்ச அதிகாரம் திருத்தந்தையுடையது. திருச்சபைச் சட்டம் 331 அவருக்கு முழுமையான, நேரடியான அதிகாரம் தருகிறது. அவருக்கு விதிவிலக்கு கொடுக்க மேலே வேறு யாரும் கிடையாது. பாதம் கழுவும் சடங்கு திருச்சபை ஏற்படுத்திய ஒழுங்கு. 1955இல் பன்னிரண்டாம் பயஸ்தான் அதைப் பெரிய வியாழன் மாலைத் திருப்பலிக்குள் கொண்டுவந்தார். ஒரு திருத்தந்தை வகுத்ததை இன்னொருவர் தளர்த்தலாம். ஆனால் நற்கருணைக்கு அப்பமும் இரசமும் வேண்டும் என்பதை எந்தத் திருத்தந்தையாலும் மாற்ற முடியாது. அது கிறிஸ்துவிடமிருந்து வந்தது.

சரி, திருத்தந்தை செய்தார், நானும் செய்கிறேன் என்று ஒரு பங்குத்தந்தை கிளம்பலாமா? கூடாது. குருவே ஆனாலும் வழிபாட்டில் தானாக எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ முடியாது என்று உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963லேயே சொல்லிவிட்டது. என் மனக்குறை இங்கேதான். 2013க்குப் பிறகு பாதம் கழுவப் பெண்களை அமர்த்திய குருவும், மறுத்த குருவும் ஆளுக்கு ஒரு நியாயம் சொன்னார்கள். ஒருவர் திருத்தந்தையைக் காட்டினார், மற்றவர் புத்தகத்தைக் காட்டினார். நடுவில் மாட்டிக்கொண்டது பங்கு மக்கள். விதியை முதலில் திருத்திவிட்டு அப்புறம் முழங்காலிட்டிருந்தால் இந்தச் சங்கடமே வந்திருக்காது.

திருத்தம் வரத்தான் செய்தது, ஆனால் மெதுவாக. வழிபாட்டு விதிகளைக் கவனிக்கும் வத்திக்கான் துறையான திருவழிபாட்டுப் பேராயத்துக்கு அப்போது தலைவராக இருந்த கர்தினால் இராபர்ட் சாராவுக்குத் திருத்தந்தை எழுதிய கடிதத்தில் 2014 டிசம்பர் 20 என்று தேதி இருக்கிறது. அந்தப் பேராயத்தின் ஆணையோ 2016 ஜனவரியில்தான் வெளியானது. இடையில் ஓர் ஆண்டுக்கும் மேல்! இறைமக்களில் யாரை வேண்டுமானாலும், ஆண், பெண், முதியோர், நோயாளர் என்று பார்க்காமல், தேர்ந்தெடுக்கலாம் என்றது ஆணை.

இறைமக்கள் என்று அது சொல்வது திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களைத்தான் என்பது வழக்கமான விளக்கம். ஆனால் அந்த ஆண்டே பெரிய வியாழனன்று, உரோமைக்கு அருகில் காஸ்தெல்நுவோவோ தி போர்த்தோ புகலிட மையத்தில், திருத்தந்தை முஸ்லிம்களின் பாதங்களையும் ஓர் இந்துவின் பாதங்களையும் கழுவினார். மை காய்வதற்குள் தன் ஆணையையே தாண்டிவிட்டார். அதற்கும் அவருக்கு அதிகாரம் இருந்தது. பங்குத்தந்தைக்கு இன்னமும் அந்த ஆணைதான் எல்லை.

நன்றி, வணக்கம்.