அழுது தீராத துக்கம்

நேயர்களுக்கு வணக்கம். கொரோனாப் பெருந்தொற்றின் முதல் ஆண்டிலேயே மனப்பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 விழுக்காடு கூடின என்று உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் தெரிவித்தது. ஊரடங்கு, வேலையிழப்பு, தனிமை என்று அதற்கான காரணங்கள் பலவும் பேசப்பட்டுவிட்டன. போதிய அளவு பேசப்படாத ஒன்றைப் பற்றி, அதாவது முறையாக அழ வாய்க்காமல் போனவர்களின் துக்கத்தைப் பற்றி, இன்று பேச விரும்புகிறேன்.

நம் ஊர்களில் சாவுச் செய்தி கேட்டதும் உறவினர்கள் போட்டது போட்டபடி ஓடிவருகிறார்கள்; பெண்கள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைக்கிறார்கள்; பிறந்த வீட்டுக் கோடி வருகிறது; வாய்க்கரிசி போடுகிறார்கள்; பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கிறார்கள். பதினாறாம் நாள் காரியம் வரையில் துக்கம் விசாரிக்க ஆட்கள் வந்தவண்ணம் இருக்கிறார்கள். இவற்றை வெறும் சடங்கென்று என்னால் ஒதுக்க முடியவில்லை. போனவர் போய்விட்டார் என்பதை அறிவு உடனே ஏற்றுக்கொண்டாலும், மனம் ஏற்பதற்கு முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது; கடைசி நாள்களில் என்ன நடந்தது என்பதை வருகிறவர்களிடமெல்லாம் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கொரோனாவால் இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டவும் தழுவவும் கூடாது என்று கூறிய மத்திய அரசின் 2020 மார்ச் வழிகாட்டுதல், உடலை வைத்த உறையைத் திறந்து முகம் காட்டவும், தொடாமல் செய்யும் சடங்குகளுக்கும் இடமளித்தது. ஆயினும் அச்சமும் நெரிசலும் மிகுந்திருந்த நாள்களில், குறிப்பாக 2021-இன் இரண்டாம் அலையில், அந்தச் சிறு அனுமதிகூடப் பல குடும்பங்களுக்கு எட்டவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு ஏப்ரலில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரைச் சென்னையில் அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கும்பலொன்று தாக்கி விரட்டியதும், உடன் பணியாற்றிய மருத்துவரே இரவில் மண்ணைத் தள்ளி அவரைப் புதைக்க நேர்ந்ததும் பலருக்கு நினைவிருக்கும்.

இப்படி இழந்தவர்களில் சிலர் இன்னும் கணவரின் கைப்பேசி எண்ணுக்கு ரீசார்ஜ் செய்துவருகிறார்கள்; துணிமணியை எடுத்துவைக்கவும் மனம் வருவதில்லை. ஆறு மாதங்களைக் கடந்தும், அந்தந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியும் நீடித்து, அன்றாட வாழ்வையே முடக்கும் துக்கத்தைத் தனிக் கோளாறாகவே உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இன்று ஏற்றிருக்கிறது. “காலம் ஆற்றும்” என்று சொல்லி இவர்களை அனுப்பிவிடுவது சரியல்ல.

இவர்களை அதிகம் வாட்டுவது, “நான்தானே வீட்டுக்குள் கொண்டுவந்தேன்” என்ற குற்றவுணர்வுதான். அறிகுறி தெரிவதற்கு முன்பே பரவக்கூடிய கிருமி அது; யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று ஒரு குடும்பத்தால் உறுதியாகச் சொல்லவே முடியாது. இதை ஒரு தடவை சொன்னால் போதாது, பொறுமையாகப் பலமுறை சொல்ல வேண்டும். அன்று நடக்காத காரியத்தை, வருகிற திதியன்றோ நினைவுநாளன்றோ உறவினரைக் கூட்டிச் செய்யலாம். அன்று வர இயலாதவர்கள் இன்று போய்த் துக்கம் விசாரிக்கலாம். உறக்கமும் பசியும் கெட்டு, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால், 14416 என்ற அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலேயே பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.