அத்தை பெயர் துபாயில் வேறொருவர் சொத்து: தாராவியிலிருந்து ஒரு ட்ரேட்மார்க் அனுபவம்

வணக்கம். தாராவி 90 அடி சாலையிலிருந்து பேசுகிறேன். பின்னால் சத்தம் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், மாடியில் முறுக்கு சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்குச் சமையல் வீடியோ இல்லை. ஊறுகாய், பொடி, முறுக்கு என்று சின்ன அளவில் தொழில் செய்து, வெளிநாட்டுக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக இதைப் பேசுகிறேன்.

இந்தப் பாக்கெட்டைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். கைமுறுக்கு, 200 கிராம். சிவப்பு எழுத்தில் மேலே இருப்பது என் மாமியார் பெயர். அத்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கே வந்து, வாளியில் முறுக்கு எடுத்துக்கொண்டு வீடு வீடாக விற்றவர். அந்தப் பெயரைப் பார்த்துத்தான் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இன்றும் வாங்குகிறார்கள். சரி, இப்போது இந்த இரண்டாவது பாக்கெட். அதே மாவு, அதே எண்ணெய், அதே கை. பெயர் மட்டும் வேறு. துபாய்க்குப் போவது இதுதான். அங்கே அத்தை பெயரைப் போட்டு விற்க எங்களுக்கு உரிமை இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். இங்கே ட்ரேட்மார்க் பதிவு, அதாவது அந்தப் பெயர் எங்களுடையது என்ற சட்டப் பதிவு, முறையாகச் செய்திருந்தோம். அதன் பிறகுதான் துபாயில் ஒரு ஏஜென்ட் கிடைத்தார். "ரெஜிஸ்ட்ரேஷன் வேலையை எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன், அக்கா" என்றார். துபாயில் உணவுப் பொருள் விற்க, பொருளையும் லேபிளையும் மாநகராட்சியில் பதிவு செய்ய வேண்டும். அவர் சொன்னது அதைத்தான் என்று நினைத்தோம். அதையும் செய்தார். கூடவே எங்கள் பெயரை ட்ரேட்மார்க்காகத் தன் பெயரில் பதிவு செய்துகொண்டார். இரண்டு வருடம் கழித்து நாங்கள் வேறொரு கடைக்கும் சரக்கு அனுப்பினோம். உடனே வக்கீல் நோட்டீஸ் வந்தது. 38 பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. முறுக்குக்கு நாங்கள் போடும் கெடு 90 நாள். திரும்பி வந்த பெட்டியை அத்தைதான் பிரித்தார். சிக்கு வாடை அடித்தது. ஒன்றும் பேசாமல் மூடி வைத்தார். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே ஒன்று. இந்தியப் பதிவு இந்தியாவுக்குள் மட்டும்தான் செல்லும். உலகமே அறிந்த டொயோட்டாவுக்கும் இதே கதிதான். பிரியஸ் காரை அவர்கள் 1997-இலேயே ஜப்பானில் விற்க ஆரம்பித்துவிட்டார்கள். இங்கே ஓர் உதிரிபாகக் கம்பெனி அந்தப் பெயரைப் பதிவு செய்து விற்றுக்கொண்டிருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2017-இல் இந்தியக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பானது. வெளிநாட்டில் எவ்வளவு புகழ் இருந்தாலும், அந்தச் சமயத்தில் இந்தியச் சந்தையில் பெயர் நிலைத்திருந்ததா என்றுதான் பார்த்தார்கள். டொயோட்டாவுக்கே இப்படி என்றால் நம்மை யார் கேட்பார்கள்? அதோடு, இந்தியாவில் முதலில் பயன்படுத்தியவருக்குச் சட்டத்தில் மதிப்பு உண்டு. சீனா போன்ற நாடுகளில் முதலில் விண்ணப்பம் போட்டவர் கைதான் ஓங்கும்.

சரி, என்ன செய்யலாம்? முதலில் இங்கே விண்ணப்பம் போடுங்கள். ட்ரேட்மார்க் பதிவகத்தின் தலைமை அலுவலகம் நம் பக்கத்தில்தான், ஆண்டாப் ஹில்லில் இருக்கிறது. ஆனால் போக வேண்டியதில்லை, ஆன்லைனிலேயே போடலாம். தனிநபருக்கும் சிறுதொழிலுக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். வகுப்பு என்றால் பொருளின் இனம். மொத்தம் 45 இருக்கின்றன. மாவுப் பண்டம், மசாலா, காபி எல்லாம் 30, ஊறுகாய் 29, தோல் பை 18.

அந்த விண்ணப்பத் தேதியைக் குறித்து வையுங்கள். ட்ரேட்மார்க் போன்ற உரிமைகளுக்காக நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட பாரிஸ் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அதில் உள்ள வேறு நாட்டில் விண்ணப்பித்தால், இங்கே போட்ட தேதியையே அங்கேயும் கேட்டு வாங்கலாம். இடையில் வேறு யாராவது போட்டிருந்தாலும் நீங்கள்தான் முன்னால். இது எனக்கு அப்போது தெரிந்திருந்தால்!

நிறைய நாடு என்றால் மாட்ரிட் வழி இருக்கிறது, அதாவது ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கும் சர்வதேச ஏற்பாடு. இந்தியா 2013 ஜூலையில் அதில் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2021 டிசம்பரில்தான் வந்தது, மலேசியா 2019-இல், சிங்கப்பூர் எப்போதோ வந்துவிட்டது. இந்தியப் பதிவகம் வழியாகவே ஒரே விண்ணப்பம் ஜெனீவாவில் இதை நடத்தும் சர்வதேச அலுவலகத்துக்குப் போகும். அடிப்படைக் கட்டணம், பெயரோ லோகோவோ கறுப்பு வெள்ளையில் இருந்தால் 653 சுவிஸ் பிராங்க், நிறத்தோடு இருந்தால் 903. அதற்கு மேல் நாட்டுக்கு நாடு தனிக் கட்டணம். ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி பார்த்துவிட்டுத்தான் ஏற்கும், மறுக்கவும் செய்யும். ஒரு ஆபத்தும் உண்டு. முதல் ஐந்து வருடம் எல்லாம் இந்தியப் பதிவை நம்பித்தான் நிற்கும். இங்கே அது விழுந்தால் அங்கேயும் விழும். அதனால் ஒரே ஒரு நாடு, அதுவும் இங்கே யாராவது ஆட்சேபம் எழுப்புவார்கள் என்ற பயம் இருந்தால், அந்த நாட்டிலேயே நேராகப் போடுவது நல்லது என்பது என் எண்ணம்.

ஏஜென்ட் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உரிமையாளர் என்ற இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்க வேண்டும். முதல் சாம்பிள் பாக்கெட் கிளம்பும் முன் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள். வளைகுடாவுக்கு என்றால் அரபி எழுத்தில் பெயர் எப்படி வரும் என்று பார்த்து அதையும் பதிவு செய்யுங்கள். இல்லையென்றால் கடைக்காரர் ஒரு மாதிரி எழுதுவார், ஏஜென்ட் இன்னொரு மாதிரி எழுதுவார். அப்புறம், மாட்ரிட் பதிவு வெளியானதும் பணம் கட்டச் சொல்லிப் போலிக் கடிதங்கள் வரும். கட்டிவிடாதீர்கள்.

எங்கள் விஷயம் இன்னும் முடியவில்லை. உரிமையாளரைக் கேட்காமல் ஏஜென்ட் தன் பெயரில் பதிவு செய்தால் அதை ரத்து செய்யச் சொல்லும் வழி அதே பாரிஸ் உடன்படிக்கையில் இருக்கிறது. அந்த வழியில்தான் போகிறோம். வக்கீல் கேட்பதெல்லாம் காகிதம். ஏஜென்ட்டுக்கு அனுப்பிய முதல் பில், வாட்ஸ்அப்பில் அந்த ஏஜென்ட்டே "உங்கள் பிராண்ட்" என்று எழுதிய செய்தி, பழைய லேபிள். அத்தை பீரோவுக்கு அடியிலிருந்து 2009-இல் அடித்த லேபிள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரப்பர் பேண்ட் ஒட்டிப்போய் இருந்தது. இதோ, எண்ணெய்க் கறையோடு அப்படியே வைத்திருக்கிறேன். நாளைக்கு இதைத்தான் ஸ்கேன் செய்து அனுப்பப் போகிறோம். பதில் வந்ததும் சொல்கிறேன்.