கருவாட்டு மணம்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பகலில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கெழுதிவிட்டு, மாலையில் கிடைக்கும் பேருந்தில் ஏறி, இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் நகைச்சுவைக் கவிதை சொல்லி வருபவன் நான். முளைப்பாரித் திருவிழாவான முளைக்கொட்டு, அந்தோணியார் கோயில் திருவிழா, நூலக வாசகர் வட்டம், பள்ளி ஆண்டு விழா என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் போவேன். இதில் வருமானம் இல்லை. பேருந்துக் கட்டணமும் பெரும்பாலும் என்னுடையதே. ஆனால் என் கவிதை எழுதப்படுவது இந்தப் பயணங்களில்தான் என்பதால், அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

என் பயண நாட்களைக் காற்று முடிவு செய்கிறது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள். பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் இங்குள்ளவர்கள் சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசினால் வடகடல் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் காற்று திசை மாறினால் தென்கடல் சீறும். எந்தக் கடல் சீறுகிறதோ அந்தக் கரையில்தான் ஆண்கள் மாலை நேரத்தில் வீட்டில் இருப்பார்கள். ஆகவே வாடைக்காலத்தில் தொண்டி, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று வடக்கேயும், ஆடியில் ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று தெற்கேயும் போவது என் வழக்கமாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்பதால் எங்கே போனாலும் கூட்டம் சேரும். ஆனால் அந்த நாட்களில் கடன், அடகு பற்றிய பாட்டுகளை நான் சொல்வதில்லை. கையில் காசில்லாதவர் முன்னால் நின்று காசில்லாமையைப் பாடிச் சிரிப்பு வாங்குவது எனக்கு முறையாகப் படவில்லை.

கடல் சீறும் பருவத்தில் திறந்த மேடையில் நிற்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. கடைசிச் சொல்லைக் காற்று கொண்டுபோய்விடும். நகைச்சுவைக் கவிதையில், அதிலும் வெண்பாவில், சிரிப்பு முழுவதும் ஈற்றுச்சீரில்தான் இருக்கிறது. முதல் மூன்று அடிகளைக் கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் கூட்டத்துக்கு, நான்காம் அடியின் மூன்றாம் சீர் கேட்கவில்லை என்றால் கவிதையே நடக்கவில்லை என்று பொருள். அதனால் ஈற்றடியை இரண்டு முறை சொல்லவும், இரண்டாம் முறை கடைசிச் சொல்லுக்கு முன்னால் சற்று நிறுத்தவும் பழகினேன். அப்படி நிறுத்தும்போது கூட்டத்தில் யாராவது ஒருவர் அந்தச் சொல்லைத் தாமே சொல்லிவிடுவார். அதைவிட எனக்குப் பெரிய பரிசு இல்லை.

ஒரு முறை தென்கரை ஊர் ஒன்றில் இந்தக் குறள் வெண்பாவைச் சொன்னேன்:

மூட்டை அவிழாமல் முன்சென்று பேருந்தில்
நாட்டார்க்குச் சொல்லும் மணம்.

கருவாட்டைப் பற்றியது என்று சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. உண்மையில் என் மனத்தில் முதலில் வந்த சொல் "நாற்றம்". ஆனால் வெண்பாவின் ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றாகவே அமைய வேண்டும். "நாற்றம்" அவற்றுள் எதிலும் அடங்காது. இலக்கணத்துக்காக "மணம்" என்று போட்டேன். நிகழ்ச்சி முடிந்ததும் கருவாட்டுக் கூடை சுமக்கும் ஒரு மூதாட்டி என்னிடம் வந்து, "பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் மூக்கப் பொத்துவாக. நீங்க ஒருத்தர்தான் மணம்னு சொன்னீக" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சீர் பார்த்துப் போட்ட சொல் ஒருவருடைய மானத்தைக் காத்திருக்கிறது என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்று நகைக்கு நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியம் சொல்கிறது. முதலாவதான எள்ளலை, அதாவது பிறரை இகழ்ந்து சிரிப்பதை, அந்த இரவோடு விட்டுவிட்டேன். மற்ற மூன்றுமே ஓர் ஆயுளுக்குப் போதும்.

அந்த இரண்டு அடிகளிலிருந்து ஒரு நீண்ட கவிதை இப்போது வளர்ந்துகொண்டிருக்கிறது. சேதுநாட்டுச் சீனிச்சர்க்கரைப் புலவர் பழனி முருகனுக்குப் புகையிலையையே தூது விட்டவர். அந்த வழியைப் பின்பற்றி "கருவாடு விடு தூது" எழுதத் தொடங்கியிருக்கிறேன். கரையில் இருக்கும் தாய் சென்னையில் வேலை பார்க்கும் மகனுக்கு நெத்திலிக் கருவாட்டைத் தூது அனுப்புகிறாள். அன்னமும் கிளியும் சேதியை மறந்துவிடலாம். கருவாடு மறக்காது, போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போகும் என்று அவள் அதைப் புகழ்கிறாள். தூதுக்கு உரிய கலிவெண்பாவில் நாற்பது கண்ணிகள், அதாவது ஈரடிகள், முடிந்திருக்கின்றன. நடத்துநர் மூட்டையை எங்கே வைப்பது என்று திகைக்கும் இடத்தில் வண்டி நிற்கிறது.

மற்றொரு எண்ணம் பாம்பன் பாலங்களைப் பற்றியது. உழவர் வாழ்வைப் பாடும் பள்ளு நூல்களில் பள்ளனின் இரு மனைவியரான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளும் பகுதி உண்டல்லவா? அதுபோல மூத்த பாலமும் இளைய பாலமும் ஏசிக்கொள்வதாக எழுத ஆசை. மூத்தவள் 1914இல் வந்தவள். 2022 வரை ரயிலைச் சுமந்தவள். "வந்த கப்பலுக்கெல்லாம் இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன், உனக்குக் கும்பிடத் தெரியுமா?" என்பாள். 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட இளையவளோ, "உன் கையைத் தூக்க ஆட்கள் நெம்புகோல் பிடித்துச் சுற்றினார்கள்; நான் 72.5 மீட்டர் உடம்பை மின்விசையால் நேரே மேலே தூக்குகிறேன்" என்பாள். ஏசலுக்கு வேண்டிய வசைச் சொற்களை மீன் ஏலம் நடக்கும் இடங்களில் கேட்டுக் குறித்து வருகிறேன். எங்கள் பெண்களின் வசையில் உள்ள உவமை நயம் எந்த அகராதியிலும் இல்லை.

ஆனால் மூத்தவள் தன் பெருமைகளை அடுக்கிக்கொண்டே வந்து 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவை எட்டுவாள். தனுஷ்கோடி அழிந்த இரவு அது. பயணிகள் ரயில் ஒன்று கடலோடு போனது. பாலத்தின் கண்கள் பல அடித்துச் செல்லப்பட, தூக்குப் பகுதி மட்டும் நின்றது. அதற்கு இளையவள் என்ன பதில் சொல்வாள் என்பதை எழுத முடியாமல் மூன்று மாதமாக அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தேன். இப்போது, அவள் பதிலே சொல்லாமல் ஒரு கண்ணி அளவுக்கு வாய்மூடி நிற்கட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். அந்த அமைதியை மேடையில் எவ்வளவு நேரம் வைப்பது என்பதை வருகிற வாடைக்காலத்தில் தங்கச்சிமடத்துப் பெரியவர்கள் முன்னால் சொல்லிப் பார்த்துத்தான் அறிய வேண்டும். அன்றிரவை நேரில் கண்டவர்கள் யாரேனும் கூட்டத்தில் இருந்தால், அவர்களுக்குப் போதும் என்று தோன்றுகிற வரை காத்திருப்பேன்.

வணக்கம்.