முதுகு அரிப்பும் மூளையின் பட்டாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

முதுகு அரித்தால் பக்கத்தில் இருப்பவரைச் சொறிந்துவிடச் சொல்வோம். "கொஞ்சம் மேலே... இல்லை, இடது பக்கம்... அட, அங்கே இல்லை!" அரிப்பது நமக்குத்தான், ஆனால் இடம் சொல்லத் தெரியாது. அதுவே பல் இடுக்கில் எள்ளளவு முறுக்குத் துண்டு மாட்டட்டும், நாக்கு அதைச் சும்மா விடாது. பாறாங்கல் மாட்டிய மாதிரி இருக்கும். அவ்வளவு பெரிய முதுகு தடுமாறுகிறது, இத்தனூண்டு நாக்கு துல்லியமாகச் சொல்கிறது. மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்திய காலம் முழுக்க மூளைப் பாடத்தை இந்த முறுக்கில்தான் தொடங்குவேன்.

இதற்கான விடை பெரும்பாலும் பெருமூளைப் புறணியில் இருக்கிறது. பெருமூளையின் மேலே போர்த்திய மெல்லிய அடுக்கு அது. தடிமன் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். விரித்தால் ஏறக்குறைய செய்தித்தாளின் ஒரு பக்கம் அளவுக்கு வரும். அவ்வளவையும் மண்டைக்குள் அடைக்க வேண்டுமே, அதனால்தான் கசக்கி வைத்தது போல மடிப்பு மடிப்பாக இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு அந்த மடிப்புகளின் பள்ளத்தில் மறைந்து கிடக்கிறது. நரம்பு செல்கள் மட்டும் சுமார் 1,600 கோடி.

பெண்குழந்தைகள் தலையில் ஹேர்பேண்ட் மாட்டுவார்கள் இல்லையா, ஒரு காதிலிருந்து உச்சி வழியாக மறு காதுக்கு? கிட்டத்தட்ட அதே வழியில் புறணியில் ஒரு பள்ளம் ஓடுகிறது. அதன் முன்கரை அசைவுக்கு, பின்கரை தொடு உணர்வுக்கு. இடப்பக்க மூளை வலப்பக்க உடம்பைப் பார்த்துக்கொள்ளும். அந்தப் பின்கரையில் உடம்பின் ஒவ்வோர் உறுப்புக்கும் நிலம் பிரித்துப் பட்டா போட்டிருக்கிறது. உச்சியில் கால், இறங்க இறங்க உடல், கை, விரல்கள், முகம், உதடு, நாக்கு. உறுப்பு எவ்வளவு பெரியது என்று யாரும் அளக்கவில்லை, எவ்வளவு நுணுக்கமாகத் தொட்டறிகிறது என்பதே கணக்கு. விரலுக்கும் உதட்டுக்கும் காணி காணியாக, முதுகுக்கு இரண்டு சென்ட்!

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு ஹேர்பின்னை எடுத்து, அதன் இரு முனைகளையும் கொஞ்சம் விரித்து, கண்ணை மூடியிருப்பவரின் விரல் நுனியில் ஒரே நேரத்தில் லேசாக வையுங்கள். 3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தாலே 'இரண்டு' என்பார். முதுகில் வையுங்கள். 3 சென்டிமீட்டர் விரித்தாலும் 'ஒன்று' என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். விரல் நுனித் தோலில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருப்பதும் ஒரு காரணம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பட்டாவைப் படித்தவர் கனடாவின் மான்ட்ரியால் நகரத்து அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட். வலிப்பு நோயாளிகளுக்கு, அவர்கள் விழித்திருக்கும்போதே மூளையில் அறுவை செய்தார். பயப்படாதீர்கள். தலைத்தோலை மரக்கச் செய்துவிடுவார்கள், மூளைத் திசுவுக்கு வலி தெரியாது. உலகத்து வலியை எல்லாம் நமக்குச் சொல்கிற உறுப்பு, தன் மேல் கத்தி பட்டால் அறியாது! எதை வெட்டக் கூடாது என்று தெரிந்துகொள்ள, மெல்லிய மின்சாரத்தால் புறணியை அங்கங்கே தொடுவார். "கட்டைவிரலில் சுருசுரு என்கிறது", "நாக்கில் ஏதோ" என்று நோயாளி சொல்லச் சொல்ல, அந்தந்த இடத்தில் எண் போட்ட சின்னச் சீட்டை வைப்பார். 1937இல் இதையெல்லாம் தொகுத்து வெளியிட்டார்கள். அந்தக் கணக்குப்படி மனிதனை வரைந்தால் பூதம் மாதிரி உதடும் முறம் மாதிரி கையும்தான் வரும்.

இங்கே நம் ஊர்க்காரர் ஒருவர் வருகிறார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்கா போன மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன். விபத்தில் கை போன ஓர் இளைஞரின் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் கன்னத்தைத் தொட்டார். "கன்னத்தில் தொடுகிறீர்கள், இல்லாத என் கட்டைவிரலிலும் தொடுகிறீர்கள்" என்றார் அவர். முகத்தில் வழிந்த நீர், இல்லாத கையிலும் வழிந்தது. கைக்குப் பக்கத்து நிலம் முகம், நினைவிருக்கிறதா? கையின் வயல் தரிசாகக் கிடக்க, முகம் வரப்பைத் தாண்டி வந்துவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். வரப்பு உண்மையிலேயே நகர்கிறதா என்ற வழக்கு ஆய்வாளர்களிடையே இன்னும் முடியவில்லை. அந்தக் கன்னத்தைப் பற்றிப் பேசினால் எனக்கு நேரம் போவதே தெரியாது...

போய்விட்டது! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள். ஒரு நிமிடம். நெற்றி மடல், பொட்டு மடல், பிடரி மடல் என்று மூளையின் பகுதிகளை எல்லாம் குறித்து வைத்திருந்தேன். பார்வை பிடரியில் இருக்கிறது, பின்மண்டையில் அடிபட்டால் நட்சத்திரம் தெரிவது அதனால்தான். பேச்சு, பெரும்பாலோருக்கு இடப்பக்கம். 'டான்' என்ற ஒரே அசையோடு வாழ்ந்த பாரிஸ் நோயாளி இறந்த பிறகு, 1861இல் ப்ரோகா என்ற மருத்துவர் அவர் மூளையைப் பார்த்து... சரி, அது இன்னொரு நாளைக்கு. ஹேர்பின்னை மட்டும் மறக்காதீர்கள், அழுத்திக் குத்திவிடாதீர்கள். வணக்கம்.