இரண்டு சென்சார் மாற்றியும் போகாத பி0335

வணக்கம். இன்று வண்டியை எங்கும் ஓட்டிச் செல்லப்போவதில்லை. வீட்டு வாசலில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். நான்கு மாதங்களாக என் காரில் செக் என்ஜின் விளக்கு எரிவதும், பட்டறைக்குப் போய் வந்தால் அணைவதும், சில நாள்களில் மறுபடியும் எரிவதுமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் ஸ்கேனரில் வந்த குறியீடு ஒன்றேதான்: பி0335. கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் சுற்றவைக்கும் என்ஜினின் முக்கியத் தண்டு; அதன் சுழற்சியைக் கவனிக்கும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று அதற்குப் பொருள். சென்சாரை இரண்டு முறை புதிதாக மாற்றினோம். விளக்கு அதற்கெல்லாம் மசியவில்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் காரணத்தைக் கண்டுபிடித்தேன். வண்டி எந்த நிறுவனத்துடையது என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. 2014ஆம் ஆண்டுப் பெட்ரோல் வண்டி, முன்சக்கரங்களுக்கு இழுவை போவது, என்ஜின் குறுக்குவாட்டில் அமர்ந்திருப்பது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

முதலில் இந்தச் சென்சார் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். கிராங்க் ஷாஃப்டோடு ஒரு பல்சக்கரம் சுற்றுகிறது. பல வண்டிகளில் அதில் 60 பற்களுக்கு இடம் இருக்கும்; ஆனால் இரண்டு பற்களை வேண்டுமென்றே விட்டுவிட்டு 58 பற்களை மட்டும் வைத்திருப்பார்கள். அந்த இடைவெளி கடக்கும்போதுதான் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்பது, என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவுக்குத் தெரியும். என் வண்டியில் இருப்பது, காந்தப்புலத்தின் மாற்றத்தை உணரும் ஹால் வகை; மூன்று வயர்கள். ஒன்றில் 5 வோல்ட் வருகிறது, ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். சிக்னல் வயரில் 5 வோல்ட்டை வைத்திருப்பது இசியூதான். பல் கடக்கும் ஒவ்வொரு முறையும் சென்சார் அதை எர்த்தோடு சேர்த்துப் பூஜ்யமாக்கிவிட்டு விடுகிறது. இசியூ எண்ணுவது இந்த ஏற்ற இறக்கத்தைத்தான். வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்டின் சென்சாரிலிருந்து துடிப்பு வருகிறது, கிராங்கிலிருந்து மட்டும் வரவில்லை என்றால், என்ஜின் சுற்றுகிறது ஆனால் தகவல் வரவில்லை என்று முடிவு கட்டி, பி0335ஐப் பதிவு செய்கிறது. சென்சார் கெட்டுவிட்டது என்று அது எங்கும் சொல்லவில்லை. குறியீட்டின் விளக்கத்தில் ‘மின்சுற்று’ என்ற சொல் இருக்கிறது; நானும் பட்டறைக்காரரும் அந்தச் சொல்லைத்தான் தாண்டிப் போய்விட்டோம்.

விளக்கு எரிந்ததோடு வண்டியும் அணைந்துபோனது. அது எப்படி அணைந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்ரோல் வராமல் நிற்கிற வண்டி இருமும், திணறும், சுற்று மெல்லக் குறையும். இதுவோ சுவிட்சை அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றது. சக்கரம் இன்னும் உருண்டுகொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் பூஜ்யத்தில் விழுந்துவிட்டது. அந்த முள்ளுக்குத் தகவல் கிராங்க் சென்சாரிலிருந்து வருவதால், சிக்னல் அறுந்ததற்கு அதுவே நல்ல அடையாளம். ஆகவே கிராங்க் சென்சாரின் பக்கம் பார்த்தது தவறில்லை.

பட்டறையில் சொன்ன காரணம், ‘சூடேறினால் சென்சார் வேலை செய்யாது, ஆறினால் செய்யும்’ என்பது. அது கற்பனையும் இல்லை. கிராங்க் சென்சார்கள் அப்படிக் கெடுவது உண்டு. ஆனால் அப்படிக் கெட்டால் வண்டி ஆறும் வரை, கால் மணி நேரமோ அரை மணி நேரமோ, காத்திருக்க வேண்டியிருக்கும். என் வண்டி அணைந்த மறுநொடியே சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். முதல் சென்சாரை மாற்றிய பிறகு இரண்டு வாரம் தொந்தரவு இல்லாமல் இருந்ததால், நோய் தீர்ந்தது என்று நானும் நம்பினேன். அந்த இரண்டு வாரமும் எங்கள் வாசலில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் போட்டிருந்தார்கள். வண்டி தெருவிலேயே நின்றது. இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

திருப்பம் ஏற்பட்டது ஃப்ரீஸ் ஃபிரேமில். கோளாறு பதிவாகும் கணத்தில் என்ஜினின் சூடு, வண்டியின் வேகம், சுமை ஆகியவை என்னவாக இருந்தன என்பதை இசியூ ஒரு படம் எடுத்ததுபோல் சேமித்து வைக்கிறது. குறியீட்டை அழித்தால் இந்தப் பதிவும் சேர்ந்தே அழிந்துவிடும். பட்டறையில் ஒவ்வொரு முறையும் முதல் வேலையாக அதை அழித்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தார்கள். மூன்றாவது முறை விளக்கு எரிந்தபோது என்னிடமிருந்த சிறிய புளூடூத் ஸ்கேனரை மாட்டி, அழிக்காமல் படித்தேன்: கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்கும் திரவம், 91 டிகிரி, வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். குறித்துக்கொண்டு அழித்தேன். அடுத்தது ஒரு காலை நேரம். வாசல் கழுவுவதற்காக வண்டியை வெளியே எடுத்துவிட்டு உள்ளே விடும்போது அணைந்தது. கூலன்ட் 57 டிகிரி, வேகம் 3. சூடுதான் காரணம் என்ற பேச்சு அத்தோடு முடிந்தது. இரண்டு பதிவுகளுக்கும் பொதுவாக இருந்தது அந்தச் சிறு வேகம் மட்டுமே. கொஞ்சம் யோசித்ததும் விளங்கியது: இரண்டு முறையும் நான் ரிவர்ஸில், இதோ கேமராவில் தெரிகிறதே, இந்த வாசல் சரிவில் வண்டியை ஏற்றிக்கொண்டிருந்தேன். மாலையில் வீடு திரும்பும்போது என்ஜின் சூடாகத்தானே இருக்கும். அதனால்தான் பழி சூட்டின்மேல் விழுந்தது.

இப்போது கேமராவைக் கீழே கொண்டுவருகிறேன். சென்சாரின் சாக்கெட்டைக் கழற்றி, சாவியை ஆனில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். சப்ளை முனையில் 5.02 வோல்ட், சிக்னல் முனையில் 4.97. சாவியை அணைத்துவிட்டு எர்த் முனைக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே பார்த்தால் ஒரு ஓம்முக்கும் குறைவான தடை. எல்லாம் சரியாகவே இருந்தது. நிற்கும் வண்டியில் அப்படித்தான் இருக்கும். ஒரு எச்சரிக்கை: பல்ப் வைத்த டெஸ்ட் லாம்ப்பை இந்த முனைகளில் வைக்காதீர்கள், பல்ப் இழுக்கும் மின்னோட்டத்தை இசியூ தாங்காமல் போகலாம். ஹால் சென்சாரின் முனைகளுக்கிடையே ஓம் அளந்து நல்லது கெட்டது சொல்வதிலும் பொருளில்லை. அந்தச் சோதனை இரண்டு வயர் உள்ள காந்தச்சுருள் வகைக்கு உரியது.

அடுத்து, சாக்கெட்டைக் கழற்றிய நிலையிலேயே மீட்டரைச் சிக்னல் முனையில் கட்டிவைத்து, சாவியை ஆன் செய்து, எதிரே போனை நிறுத்தி வீடியோவை ஓடவிட்டேன். ஆள் துணை இல்லாதவனுக்கு அதுதான் துணை. வயர்க்கட்டைக் கையால் ஆட்டிப் பார்த்தேன், எண் அசையவில்லை. குறுக்குவாட்டு என்ஜின் முன் கியரில் ஒரு பக்கமும் ரிவர்ஸில் எதிர்ப் பக்கமும் சாயும் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஒரு ரீப்பர் கட்டையைக் கொடுத்து, என்ஜினை ரிவர்ஸில் சாயும் திசையில் மெல்ல நெம்பினேன். பிறகு வீடியோவைப் பார்த்தால், 4.97 இருந்த இடத்தில் 0.00 வந்து, கட்டையைத் தளர்த்தியதும் மீண்டும் 4.97 நிற்கிறது. சென்சாரே மாட்டாத சுற்றில் சிக்னல் பூஜ்யமாகிறது என்றால், வயர் எங்கோ எர்த்தான வண்டியின் உலோக உடம்பைத் தொடுகிறது என்றுதானே பொருள்.

இடம் இதுதான். கியர்பாக்ஸ் பிராக்கெட்டின் விளிம்பு. வயர்க்கட்டைப் பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது, கட்டு தொய்ந்து இந்த விளிம்பில் கிடக்கிறது. மேலே மூடியிருந்த நெளிவுக் குழாய் தேய்ந்து பிளந்து, உள்ளே ஒரு வயரில் மட்டும் அரிசி அளவுக்கு உறை போயிருக்கிறது. அங்கே தெரியும் பச்சை, செம்பில் பிடித்த களிம்பு. அது கிடக்கும் பக்கம் தரையை நோக்கியது என்பதால், மேலிருந்து பார்த்தால் ஆயுளுக்கும் தெரியாது. கீழே, என்ஜின் அதிகம் சாயாமல் பிடித்திருக்கும் டார்க் மவுண்ட்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது. அதனால்தான் என்ஜின் இயல்பைவிட அதிகமாகச் சாய்ந்து, ரிவர்ஸ் ஏற்றத்தில் வயரை விளிம்போடு அழுத்தியது. வண்டி அணைந்ததும் என்ஜின் நிமிர்ந்துவிடும், வயரும் விலகிவிடும். உடனே ஸ்டார்ட் ஆன மர்மம் அவ்வளவுதான்.

களிம்பு பிடித்த பகுதியை வெட்டியெடுத்து, சால்டர் வைத்து இணைத்து, உள்ளே பசை பூசிய, சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயைப் போட்டேன். சாதாரண இன்சுலேஷன் டேப் என்ஜின் சூட்டில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும். புதுக் கிளிப்பில் வயர்க்கட்டை விளிம்பிலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்தினேன். டார்க் மவுண்ட்டைப் பட்டறையில் மாற்றினார்கள். அதை விட்டிருந்தால் அடுத்த வயர் தேய்ந்திருக்கும்.

குறியீட்டை அழித்தபின் இந்தச் சரிவில் வண்டியை இருபது தடவை ரிவர்ஸில் ஏற்றி இறக்கினேன்; எதிர்வீட்டுத் தாத்தா, இந்த வயதில் டிரைவிங் பழகுகிறாயா என்று கேட்டார். ஒருமுறைகூட அணையவில்லை. குறியீட்டை அழிக்காமல் விட்டாலும், கோளாறு வராமல் மூன்று ஓட்டங்கள் தொடர்ந்து முடிந்தால் விளக்கு தானே அணைந்துவிடும். ஆனால் குறியீடு நினைவகத்திலிருந்து நீங்க, என்ஜின் குளிர்ந்து சூடேறும் சுற்றுகள் நாற்பது ஆக வேண்டும். அதனால் விளக்கை நம்பாமல் வாரம் ஒருமுறை ஸ்கேனரை மாட்டிப் பார்க்கப்போகிறேன்.

கடைசியாக ஒன்று. மேசையில் இருக்கும் இந்த இரண்டும் நான் வாங்கிய புதிய சென்சார்கள். ஒன்றைச் சாக்கெட்டில் மாட்டி, அதன் முனைக்கு எதிரே ஸ்பேனரை வேகமாக வீசிக் காட்டுகிறேன். மீட்டரைப் பாருங்கள், ஐந்து, பூஜ்யம், ஐந்து. மற்றதும் இப்படியே. மின்சாரப் பொருள் என்பதால் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். வண்டியோடு வந்த பழைய சென்சாரைத் துடைத்து, வேறு ஓ ரிங் போட்டு மாட்டியிருக்கிறேன். இப்போது வண்டி ஓடுவது அதில்தான்.