பனங்கிழங்கும் நாரை மூக்கும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கவிதை படிக்கவும் எழுதவும் தூண்டுவது பறவையா, புத்தகமா? பறவையே என்பது எங்கள் அணி.

எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார்: "பறவையை அண்ணாந்து பார்த்தால் கவிதை வராது, கழுத்துவலிதான் வரும்." கைதட்டலும் வாங்கினார். ஐயா, அண்ணாந்து பார்க்கச் சொன்னது யார்? குறுந்தொகை 25-ஆம் பாட்டில் கபிலர் காட்டும் குருகு என்ற நீர்ப்பறவை எங்கே நிற்கிறது? ஓடுகிற தண்ணீரில், ஆரல் மீனுக்காக. அதைப் பார்க்கக் குனியவேண்டும்! "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால" என்கிறார்; தினைத் தண்டு போன்ற சின்னப் பச்சைக் கால். காலின் பருமனும் நிறமும் ஒரே உவமையில். தலைவன் தலைவியைக் கூடியதற்குச் சாட்சி அந்தக் குருகு ஒன்றுதான். அதுவும் மீனையே பார்த்துக்கொண்டிருந்த சாட்சி!

கழுத்துக்கே வருகிறேன். கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும். செங்கால் நாரை நீட்டிக்கொண்டு பறக்கும். மாற்றி எழுதினால் கவிதை அங்கேயே விழும். படிப்படியாக ஏறும் அந்தக் 'கூ' குரல் ஆண் குயிலுடையது. பெண் குயிலுக்கு வெறும் 'கிக் கிக்'தான். பெண் குயிலைப் பாடவைத்த பாட்டுகள் எத்தனை! பத்து நிமிடம் அண்ணாந்திருந்தால் இந்தத் தப்பு வராது. அதற்குக் கழுத்து கொஞ்சம் வலித்தால்தான் என்ன? எழுதுகிறவர் முதலில் 'பறவை' என்ற சொல்லை அடித்துவிட்டு அதன் பெயரை எழுதட்டும். அப்புறம் கால், அலகு, நடை. உவமை கடைசியில் வரட்டும்.

உவமை என்றால் சத்திமுற்றப் புலவர். வழிவழியாகச் சொல்லும் கதை. கூடல் நகரமான மதுரை, வாடைக்காற்று, போர்த்தத் துணியில்லாமல் புலவர் முடங்கிக் கிடக்கிறார். பாண்டியன் நகர்சோதனை வருகிறான். அவனுக்கு நெடுநாள் குறை: நாரை மூக்குக்கு உவமை கிடைக்கவில்லை. ஏன், அரண்மனையில் ஏட்டுக்குப் பஞ்சமா? எதிரணி சொல்லும் புத்தகமெல்லாம் அங்கேதானே இருந்தது! இருட்டில் ஒரு குரல்: "பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்!" பனங்கிழங்கை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். அடி தடித்து, நுனி கூராய், இரண்டு பாதி. அப்படியே திறந்த மூக்கு! இன்னொரு தடவை பிளந்து பாருங்கள்... அதே மூக்கு! மன்னன் தன் மேலாடையை அவர்மேல் போட்டான். ஒரு மூக்குக்கு ஒரு மேலாடை!

ஆனால் புலவர் மூக்கைப் பாடவா வந்தார்? நாரைக்குப் பெடை கூடவே இருக்கிறது; அவருக்கு இல்லை. "குமரியாடி வடக்கே போகிறீர்களா? எம்மூர் வாவியில் தங்குங்கள். நனைந்த சுவருள்ள கூரைவீட்டில் பல்லி சொல்லுமா என்று காத்திருப்பாள் என் மனைவி. கையால் மெய்யைப் பொத்தி, காலைமடக்கி, பேழைக்குள் பாம்புபோல் மூச்சுவிடும் ஏழையைக் கண்டோம் என்று சொல்லுங்கள்" என்கிறார். அந்த இரவில் அவர் பேச வேறு யார் இருந்தார்கள், நண்பரே?

மணி அடிக்கிறீர்கள், நடுவர் ஐயா. தீர்ப்பை எப்படியும் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்குச் சேதி போய்ச் சேர்ந்ததா என்பதுதான் என் கவலை.