வேனுக்குப் பின்னால் பைக்: பட்டை வாங்கும் முன் எடையைப் பாருங்கள்

வணக்கம் மக்களே. உள்ளேயே தங்கிப் பயணிக்கும் கேம்பர் வேனுக்குப் பின்னால் பைக்கை ஏற்றிப் போக நிறைய பேர் ஆசைப்படுகிறீர்கள், ஆனால் எல்லோரும் எடுத்த எடுப்பில் பைக்கைக் கட்ட எந்தப் பட்டை நல்லது என்றுதான் கேட்கிறீர்கள். பட்டைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் எடை.

பைக் 120 கிலோ, அதைத் தாங்க வேனின் பின்னால் மாட்டும் சட்டமான கேரியர் 30 கிலோ, மொத்தம் 150 என்று வைத்துக்கொள்வோம். பின் சக்கரங்களில் 150 கிலோதானே கூடும் என்று நினைப்போம். இல்லை. வேனின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 4 மீட்டர், பைக் நிற்கும் இடம் பின் அச்சிலிருந்து 2 மீட்டர் தள்ளி என்றால், பின் அச்சில் 225 கிலோ ஏறும், முன் அச்சில் 75 கிலோ குறையும். சீசா மாதிரிதான், ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் தூக்கும். முன்பக்கம் லேசானால் ஸ்டீயரிங் பிடிப்பு குறையும், ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், முன்சக்கரம் இழுக்கும் வேனாக இருந்தால் ஈரப் புல்லில் சக்கரம் சும்மா சுற்றும்.

அதனால் தண்ணீர் டேங்க், கேஸ், சாமான், கூட வருகிற ஆட்கள், பைக் எல்லாவற்றோடும் எடைமேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒரு தடவை, பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு தடவை. வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் பின் அச்சுக்கு என்ன வரம்பு போட்டிருக்கிறதோ அதோடு ஒப்பிடுங்கள். மொத்த எடை சரியாக இருந்தும் பின் அச்சு மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கலாம், கேம்பரில் இது சாதாரணமாக நடக்கிற விஷயம்.

டோ பாரில், அதாவது டிரெய்லரை இழுக்க வேனின் பின்னால் இருக்கும் கொக்கியில், மாட்டும் கேரியர் என்றால் இன்னொரு குழப்பம் உண்டு. 2000 கிலோ இழுக்கும் என்று எழுதியிருப்பது டிரெய்லரை இழுக்க. மேலிருந்து அழுத்தும் எடைக்குத் தனி வரம்பு, அது 100 கிலோவுக்குக் கீழேகூட இருக்கும். பைக் அந்தக் கொக்கிக்கும் பின்னால் தள்ளி நிற்பதால் முறுக்கு விசை இன்னும் கூடும். கனமான பைக்குக்கு வேனின் அடிச்சட்டமான சேஸிஸிலேயே போல்ட் போட்ட கேரியர்தான் என் தேர்வு.

சரி, கட்டுவது. பைக்கின் முன்சக்கரத்தை கேரியரில் அதற்கான பிடியில் உட்கார வைத்து, கைப்பிடியை ஆட்டி இறுக்கும் ராட்செட் பட்டை இரண்டை, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் கீழ் கிளாம்பில் துணி வளையம் போட்டு மாட்டி, முன்னும் கீழுமாக இழுங்கள். ஹேண்டில்பார் நுனியில் மாட்ட வேண்டாம், அது வளையும், திரும்பும். சஸ்பென்ஷன் பாதி அளவுக்கு அமுங்கினால் போதும். முழுக்க அமுக்கினால் ஃபோர்க் சீலுக்குக் கேடு, ரொம்ப லூசாக விட்டால் பள்ளத்தில் பைக் அமுங்கும்போது கொக்கி கழன்றுவிடும். பின்னால் இரண்டு பட்டை, அப்புறம் இரண்டு சக்கரத்தையும் அவை நிற்கும் கேரியர் தடத்தோடு சேர்த்துத் தனியாக ஒரு கட்டு. சைடு ஸ்டாண்ட் மடிந்தே இருக்கட்டும், எடையைப் பட்டைகள்தான் பிடிக்க வேண்டும். பாலியெஸ்டர் பட்டை வாங்குங்கள், நைலான் நனைந்தால் நீளும். லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் அறுந்துபோகும் அளவு, நமக்கு வேண்டியது வேலைச் சுமை என்ற சின்ன எண். கிளம்பி 15 கிலோமீட்டரில் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறுத்தத்திலும். பைக்குக்கு உறை போடாதீர்கள், காற்றில் படபடத்து பெயிண்டைத் தேய்ப்பதோடு பட்டையும் கண்ணில் படாமல் போகும்.

வேனின் சைலன்சர் வாய் எங்கே பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள், பைக் டயருக்கோ பட்டைக்கோ நேராக இருந்தால் திருப்பியே ஆக வேண்டும். பிரேக் லைட், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மறைந்தால் தனி விளக்குப் பலகை கட்டாயம். வளைவில் திரும்பும்போது வேனின் பின்பக்கம் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும், நீளம் கூடியதால் அது முன்பைவிட அதிகம், பக்கத்தில் நிற்பவரை இடித்துவிடலாம்.

எடைமேடையில் பின் அச்சுக்கு மிச்சமே இல்லையென்றால் சின்ன டிரெய்லர் வாங்குங்கள். அதில் பைக்கின் பெரும்பகுதி எடையை டிரெய்லரின் சொந்தச் சக்கரங்களே தாங்கும்.